ஆயில் ஸ்டிக்கைப் பார்க்காமல் ஆளைப் பழிக்காதீர்கள்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். "சார், எழுபதுகள்ல செஞ்ச ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒண்ணு வாங்கியிருக்கேன். ரெண்டே சீட்டு, மேல்கூரையை மடக்கலாம். உங்க ஹெரால்டு ஸ்டார்ட் ஆகாதப்ப பின்னாடி நின்னு தள்ளுன கைதான் சார் இது. ஆனா 600 மைலுக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குது. ஒர்க்‌ஷாப்ல கேட்டா, பழைய ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்ங்கிறாங்க. என்னை ஏமாத்துறாங்களா சார்?"

கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை 1991-ல் நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் பதிலையும் நானே முடிவு செய்து ஊரெல்லாம் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆயில் பற்றிய பாடமும் இதிலேயே இருக்கிறது.

என் ஹெரால்டைத் தெரியாத இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் மெட்ராஸ் கார். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்ததை, 1961 முதல் வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் செய்தார்கள். 948 சி.சி. இன்ஜின். மைக்கேலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடல். அதே மைக்கேலாட்டி, அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே குடும்பத்து இன்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்து 1962-ல் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதாவது லண்டன் மாணவரின் ஸ்போர்ட்ஸ் காரும், நம் ஊர்ச் சந்தில் நின்ற என் காரும் அக்கா தங்கை. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உங்களில் பல பேர் அந்த டயரில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

1989-ல் மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். 1966 மாடல், இரண்டு கதவு. வாத்தியாருக்குக் கார் எதற்கு என்று கேட்ட மச்சினனே ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் ஆளாக முன்சீட்டில் உட்கார்ந்தான்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

1991-ல் என் மாணவர் ஒருவர் கம்பத்தில் சின்ன ஒர்க்‌ஷாப் போட்டிருந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இன்று அவருக்குப் பேரன் இருக்கிறான். நேரில் பார்த்தால் எனக்கு 'டா' போட்டுத்தான் வாய் வரும், இங்கே மட்டும் 'அவர்' என்றே எழுதுகிறேன். அவரிடம் ஆயில் மாற்றினேன். சுமார் நான்கு லிட்டர். பில் கொடுத்தார், பணம் கொடுத்தேன், வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு முறை சாந்தன்பாறைக்குப் போய் வந்தேன். மனைவியின் தங்கை வீட்டுக்காரர் அங்கே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். தேவாரம் வழியாகப் போடி, அங்கிருந்து மலை ஏற்றம். இரண்டாவது தடவை இறங்கி வரும்போது போடிமெட்டின் ஒரு கொண்டை ஊசி வளைவில் டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு மினுக்கி அணைந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. நேர்ரோட்டில் வரவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. போடி வந்து சமதளத்தில் நிறுத்தி, ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழே ஈரம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை குறைந்தது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். நான் யார்? வேதியியல் வாத்தியார். பியூரெட்டில் அளவு எடுக்கும்போது கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வை, ஆரம்ப அளவு எழுதாமல் கடைசி அளவு எழுதாதே என்று உங்கள் முட்டியில் ஸ்கேலால் தட்டியவன். அப்படிப்பட்டவன் ஆரம்ப அளவே எடுக்கவில்லை. ஆயில் மாற்றிய அன்று ஸ்டிக்கைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே, "பயல் ஒரு லிட்டர் குறைவாக ஊற்றிவிட்டான்" என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். நம் ஊரில் ஒரு வாத்தியார் சொன்னால் அது எப்படிப் பரவும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆசிரியர்களில் மூன்று நான்கு பேர் ஸ்கூட்டரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு அது சின்ன நஷ்டமில்லை. அவர் என் வீட்டு வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இங்கே பாடத்தை நிறுத்தி, அந்த ஆயில் எங்கே போயிருக்கும் என்று பார்ப்போம்.

எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகச் சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் வேண்டும். அந்தப் படலத்தில் கொஞ்சம் ஒவ்வொரு வெடிப்பிலும் எரிகிறது. ரிங் தேய்ந்தால் கூடுதலாக எரியும். வால்வு கைடு தேய்ந்தால் மேலிருந்து இறங்கி எரியும். இது போக, அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் நின்ற இடத்தில் தரையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும். கசிவும் கணக்கில் சேர்த்தி.

லண்டன் மாணவர் சொன்னது 600 மைலுக்கு ஒரு லிட்டர், அதாவது ஏறக்குறைய 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர், கிலோமீட்டருக்கு ஒரு மில்லி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். அப்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிப்பு. ஆக, நிமிடத்தில் 5,000 வெடிப்பு. ஒரு மில்லி சுமார் 20 சொட்டு. அப்படியானால் 250 வெடிப்புக்கு ஒரு சொட்டு. ஐம்பது வயது இன்ஜின் 250 தடவை வெடித்து ஒரு சொட்டு எரித்தால், அதை உடனே நோய் என்று சொல்லிவிட முடியுமா?

கம்பெனிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. போர்ஷே 911-ன் பழைய கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு 1.5 லிட்டர் வரை ஆயில் செலவாகலாம் என்றே போட்டிருந்தார்கள். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் இருப்பது சுழலும் இன்ஜின். அதில் உள்ளே எரியும் இடத்துக்கே ஆயிலை அளந்து அனுப்பத் தனி பம்ப் உண்டு. அது ஆயில் குடிக்கவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். நம் ஊரில் இதற்கு உதாரணம் யமஹா ஆர்எக்ஸ் 100. தனியாக 2டி ஆயில் டேங்க். அதில் ஆயில் தீர்ந்தால் கடைக்குப் போய் ஊற்றினோமே தவிர, யாராவது "என் வண்டி ஆயில் குடிக்கிறது" என்று அழுதோமா?

ஆகவே என் முதல் கருத்து: பழைய வண்டி ஆயில் குடிப்பது குற்றம் இல்லை. எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் ஓட்டுவதுதான் குற்றம். 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்பது ஒரு கார் பல வருடமாகக் குடிக்கும் அளவு என்றால் பரவாயில்லை. போன மாதம் கால் லிட்டர், இந்த மாதம் ஒரு லிட்டர் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. ஓர் அளவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு அளவு வேண்டும்.

டேஷ்போர்டு விளக்கை நம்பாதீர்கள். பழைய கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் எத்தனை இருக்கிறது என்று காட்டுவதில்லை, அழுத்தம் போய்விட்டது என்றுதான் காட்டுகிறது. அது எரியும்போது பேரிங்குக்கு ஆயில் போவது ஏற்கெனவே நின்றிருக்கும். எனக்கு வளைவில் மட்டும் மினுக்கியதற்குக் காரணமும் அதுதான். ஆயில் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால் சம்ப்பில் இருப்பது ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும். பந்தயக் கார்களில் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைப்பதும், பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆயிலைத் தனி டேங்கில் வைப்பதும் இதற்காகத்தான். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. இன்னும் நான்கு வளைவு நான் வேகமாகத் திரும்பியிருந்தால் இன்ஜின் சீஸ் ஆகியிருக்கும். பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கதை இன்னும் முடியவில்லை.

நான் காரை மதுரைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் "ரிங் போயிடுச்சு சார், போர் பண்ணணும்" என்றார்கள். இரண்டு மாதச் சம்பளம் போனது. சிலிண்டரைப் போர் செய்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டார்கள். ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்துத் திரும்ப மாட்டினார்கள். கைடை மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை. ஊருக்கு வந்தால் ஆயில் அப்போதும் குறைந்தது. கம்பத்து மாணவர் மீது நான் சொன்ன பழி தப்பு என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் காரை நிறுத்தியிருந்தேன். அவர் வந்தார். வணக்கம் சொன்னார். "சார், குமுளி இறக்கத்துல உங்க வண்டிக்குப் பின்னாடிதான் வந்தேன். இறங்குறப்ப புகை இல்ல. கீழ வந்து மிதிச்சீங்க பாருங்க, அப்ப நீலமா ஒரு மேகம் வந்துச்சு. அது ரிங் இல்ல சார், வால்வு கைடு."

நான் பேசாமல் நின்றேன். அவர் விளக்கினார். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கினால் இன்ஜின் உள்ளே உறிஞ்சும் சக்தி அதிகம். தேய்ந்த கைடு வழியாக அது ஆயிலை இழுத்துச் சேர்த்து வைக்கும். மறுபடி மிதிக்கும்போது மொத்தமும் எரிந்து நீலப் புகையாக வரும். ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் அதுவும் பெரும்பாலும் கைடுதான். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் நீலப் புகை வந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம். நிற்காத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது.

சந்தேகம் தீரக் கம்ப்ரஷன் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் எடுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுப்பார்கள். அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் ரிங்கை விட்டுவிட்டு ஹெட்டைப் பார்க்க வேண்டும். எனக்கு அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய சோதனை. செய்யாததால் இரண்டு மாதச் சம்பளம்.

அவரே கைடை மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து நான் நோட்டு போட்டேன். 1,000 கி.மீ.க்கு 900 மில்லி குடித்த வண்டி 300 மில்லிக்கு வந்தது. பில் தொகைக்கு மேலே ஐம்பது ரூபாய் வைத்துக் கொடுத்தேன். அவர் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மன்னிப்பு கேட்க வேண்டியதைப் பணத்தில் தள்ளிவிடப் பார்த்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி, எப்போது ஆயில் மாற்றுவது என்ற கேள்வி. இதில் உறவுகள் பலருக்கும் எனக்கும் சண்டை உண்டு.

சின்ன மாப்பிள்ளை சொல்வார், "குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருக்கேன் மாமா, எல்லாம் புது ஆயில்தானே, எதுக்கு மாத்தணும்?" மாப்பிள்ளை, குழம்பு வற்றுகிறது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அது புதுக் குழம்பு ஆகுமா? எரிந்து போவது ஆயில். கரியும் அமிலமும் உலோகத் துகளும் சம்ப்பிலேயே தங்குகின்றன. ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு.

இன்னொரு கூட்டம் ஸ்டிக்கரைக் கும்பிடுகிறது. இன்றைய கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு என்று போட்டிருக்கிறார்கள். நல்ல ஆயில், நல்ல ஃபில்டர், பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டர், எல்லாம் இருக்கிற வண்டிக்கு அது சரி. அதையே 1966 ஹெரால்டுக்கோ 1975 ஸ்பிட்ஃபயருக்கோ வைக்கக் கூடாது. கார்புரேட்டர் வண்டியில் சோக் போட்டு ஓட்டும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களுக்கு 3,000 மைல், அதாவது 5,000 கி.மீ.யை ஒட்டி மாற்றச் சொன்னது சும்மா இல்லை.

ஆனால் கிலோமீட்டர் மட்டும் போதாது. டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். திராட்சைத் தோட்டத்து டிராக்டருக்கு ஆயில் மாற்றுவது 250 மணி என்பது போல மணிக் கணக்கில். ஏன்? நாள் முழுக்க உழுதாலும் அது போகும் தூரம் கொஞ்சம்தான், இன்ஜின் படும் பாடு அதிகம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறும் ஜீப்பும் அப்படித்தான். இரண்டாம் கியரிலேயே ஏறும் 5,000 கி.மீ.யும், தேனி ரோட்டில் டாப் கியரில் போகும் 5,000 கி.மீ.யும் ஒன்றல்ல.

இதற்கு நேர் எதிர், கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரும் கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் இந்த ஜாதி. "வருஷத்துல 800 கிலோமீட்டர்தான் சார் ஓடுச்சு, ஆயில் தேன் மாதிரி இருக்கு" என்பார்கள். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தேன். இன்ஜின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்டினால் அந்த ஈரம் ஆவியாகிவிடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஆயிலிலேயே தங்கி அமிலத்தோடு சேர்ந்து பேரிங்கை அரிக்கும். ஆகவே ஓடாத வண்டிக்கும் வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றத்தான் வேண்டும். என் கணக்கு இதுதான்: பழைய கார் என்றால் 5,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. மலை ஏறும் வண்டிக்கு அதற்கும் முன்னால்.

லண்டன் தம்பிக்குத் தனியாக ஒரு குறிப்பு. விலை உயர்ந்த, தண்ணீர் மாதிரி ஓடும் புது ஆயிலை வாங்கி ஊற்றாதே. கையேட்டில் சொன்ன கனம், உன் வண்டிக்கு 20டபிள்யூ-50 சரியாக இருக்கும். உன் இன்ஜினில் கேமும் டேப்பெட்டும் உரசியே வேலை செய்கின்றன. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் ஜிங்க், பாஸ்பரஸ் சேர்மம் போதுமான அளவு வேண்டும். புதுக் கார்களின் புகைக்குழாய்க் கன்வெர்ட்டர் கெடக் கூடாது என்று இன்றைய மெல்லிய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயில் உங்கள் ஊரில் கிடைக்கும். ஆனால் புகையை மறைப்பதற்காக இன்னும் கனமான ஆயிலாக ஊற்றாதே. அது காய்ச்சல் தெரியாமல் இருக்கத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

அளக்கும் முறை: சமதளம். ராத்திரி நின்ற வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன். ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவிப் பார். (எல்லாக் காருக்கும் இதே முறை இல்லை. பழைய போர்ஷே 911-க்கு இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கையேட்டைப் படி.) மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதே, கிராங்க் கடைந்து நுரையாக்கிவிடும். ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய மில்லி, மூன்று காலம் மட்டும். மாற்றிய பழைய ஆயிலை மட்டும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர்தான் நம் வயலுக்குப் போகிறது. கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், பழைய ஆயில் எடுப்பவர்கள் அங்கே வருவார்கள்.

"ஏமாத்துறாங்களா சார்?" என்ற கேள்விக்கு என் பதில்: இருக்கலாம் தம்பி. ஏமாற்றும் ஆட்களும் உண்டு. ஆனால் நான்கு தடவை அளந்து எழுதிய நோட்டு உன் கையில் இல்லாதவரை அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு உரிமை இல்லை. நோட்டு இருந்தால் கேட்கவே வேண்டியிருக்காது. ஒர்க்‌ஷாப்காரரிடம் அதை நீட்டு. நேர்மையானவர் என்றால் சந்தோஷப்படுவார். இல்லாதவர் என்றால் அவர் முகமே சொல்லிவிடும்.

போன ஞாயிறு கம்பத்துக்குப் போனேன். ஒர்க்‌ஷாப்பை இப்போது அவர் மகன் பார்க்கிறான். அவர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். 1991-ல் நான் சொன்னதையும், அது தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டதையும் சொல்லி மன்னிப்பு கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும் சார், ஸ்கூட்டர் வர்றது நின்னப்பவே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க வந்து கேட்டிருந்தா அன்னைக்கே ஸ்டிக்கைக் காட்டியிருப்பேன்" என்றார். பிறகு டீ வரவழைத்தார். ஊரறியச் சொன்ன பழியை ஊரறியத் திரும்பப் பெற வேண்டும், முகநூலில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க, பேர் மட்டும் போடாதீங்க" என்றார். எழுதிவிட்டேன்.

அன்று ஆசிரியர் அறையில் என்னோடு இருந்த நண்பர்கள் இரண்டு பேர் இதைப் படிப்பார்கள். ஐயா, நான் அன்று சொன்னது பொய். அவர் நான்கு லிட்டரும் ஊற்றினார்.

மாணவர்களுக்கு வீட்டுப்பாடம்: நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். பைக் வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு இல்லை.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்,
ராயப்பன்பட்டி